நாலாவது முகம்

நேற்று மாலை போனை வைத்தபோது ராட்டினத்துக்குக் கை சில்லிட்டுப் போயிருந்தது. போன வாரக் கதையை அங்கேதான் விட்டோம். அவள் போன் போட்டது ஒரு சின்ன விஷயத்துக்காக. மழை பெய்தால் தீம் பார்க் திறந்திருக்குமா என்று கேட்க நினைத்தாள், அவ்வளவுதான்.

திறந்திருக்கும் என்றது மறுமுனைக் குரல். சொல்லிவிட்டுப் போகிற போக்கில் ஒரு குண்டையும் தூக்கிப் போட்டது. பார்க் கைமாறிவிட்டது. பழைய விலைக் குடும்பப் பாஸ் வைத்திருப்பவர்கள் மறுநாள், அதாவது இன்று, கவுண்டர் மூடுவதற்குள் நேரில் வந்து புதுப்பித்தால் அதே விலை தொடரும். பாஸில் எத்தனை முகம் உண்டோ அத்தனை முகமும் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் புது விலைதான்.

புது விலை, அவர்களுடைய இரண்டு மாத வாடகை. அதற்கப்புறம் அந்த வாசலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

பாஸில் இருப்பது நான்கு முகம். ராட்டினம், அவள் கணவரான லிப்ட் மெக்கானிக், மகள் குண்டூசி. நாலாவது முகம், மெக்கானிக்கின் அக்கா. பார்க் திறந்த முதல் நாளில், கல்யாணமாகாமல் தம்பியோடு இருந்த காலத்தில், ஒரே ஒரு முறை வந்தவள். பிறகு ஒரு ஹார்டுவேர் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் பெரிய வீட்டுக்குப் போனாள். அதோடு பார்க் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இவர்கள் போவதைக் கேட்டாலே அவளுக்கு எரியும்.

அந்த நாத்தனார்தான் இன்று வீட்டுக்கு வருகிறாள். இந்தக் கூத்தையெல்லாம் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லத்தான் வருகிறாள்.

* * *

ராட்டினம் என்பது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பட்டம். வருஷத்துக்கு நாலு தரம் பார்க் போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கேலிக்குத்தான் வைத்தார்கள். மறுநாளே அவள் அந்தப் பெயரைச் சிவப்பு நூலால் தன் தொப்பியில் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கேலி அன்றோடு செத்துப்போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்காத ஆளில்லை. மறைக்க அவளிடம் ஒன்றுமில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாஸ் வார நாளில் மட்டும்தான் செல்லும், ஆகவே வார நாளில் போவார்கள். உள்ளே விற்கும் சாப்பாட்டைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மதியம் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போவார்கள். மழைக்கோட்டு, புதுத் துணி பொதிந்து வரும் பெரிய பிளாஸ்டிக் உறையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டது. பெரிய சவாரியில் அவர்கள் அலறும்போது கேமரா பிடித்த படத்தை வாங்க மாட்டார்கள். திரையில் அடுத்தவர் படம் வரும்வரை நின்று பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

லீவு மட்டும் வேறு விதமாகச் சேர்ந்தது. மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையை அவள் செய்வாள். பதிலுக்கு, அவள் கேட்கும் நாளில் அவர்கள் அவள் இடத்தில் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சலவைக்கூடத்தில் எழுதாத சட்டம் அது, பல வருஷமாக நடந்து வந்தது.

புதிதாக வந்த சூப்பர்வைசர் இந்த வாரம் அதை நிறுத்திவிட்டார்.

காலையில் உருளை இஸ்திரி மெஷின் முன்னால் நின்று, ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உள்ளே விட்டபடியே அவரிடம் சொன்னாள், மத்தியானத்தோடு கிளம்பப் போவதாக. யார் அனுமதி கொடுத்தது என்று அவர் கேட்டார். மாற்று ஆள் இருக்கிறது என்றாள். மாற்று என்கிற பேச்சே இனி இல்லை என்றார் அவர். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஏதாவது சாவா என்றும் விசாரித்தார். அப்படி ஏதாவது இருந்தால் யோசிக்கலாமாம்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார். நல்லா இருக்கும்போதே போயிட்டு வரலாம்னுதான் கேக்கறேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. கிளம்பினால் நாளைக் காலை நேராக ஆபீசுக்கு வந்து பார்க்கும்படி சொன்னார்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு வேறொரு விஷயமும் தெரியும். வண்டி வண்டியாக வருகிற இந்த விரிப்புகள் மேலே எந்தெந்தக் கட்டிலிலிருந்து உருவப்பட்டவை என்று அவளுக்குத் தெரியும். கடன் அடையட்டும், வீடு கட்டி முடியட்டும், அப்புறம் படுக்கலாம் என்று யாரும் அந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் துக்கம் வராது, கோபம்தான் வரும்.

மத்தியானம் மணி அடிக்கும் முன்பே, அவள் மூன்று ஞாயிறு நின்று கொடுத்த கண்ணாடிக்காரி தொப்பியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடிக்காரி அவரைப் பார்க்கவே இல்லை. ராட்டினத்தின் கையிலிருந்த விரிப்பின் முனையை வாங்கி மெஷினில் விட்டாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு வரேன் சார்," என்றாள் ராட்டினம். "இன்னைக்குப் போறேன்."

* * *

வீட்டில் நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜிப் பிதுங்க ஒரு பெரிய பை. மேஜையில் வழவழப்பான தாளில் ஒரு கட்டடப் படம். எதிரே மெக்கானிக், வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி. குண்டூசி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே தயாராக இருந்தாள். பன்னிரண்டு வயது, ஊசி மாதிரி உடம்பு, அதைவிடக் கூர்மையான வாய்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் எழும்புகிறது. மூன்றாவது மாடியில் பக்கம் பக்கமாக இரண்டு ப்ளாட். ஒன்று அக்காவுக்கு, ஒன்று தம்பிக்கு. மாதத் தவணை கட்ட வேண்டுமென்றால் இந்த ஊர் சுற்றலை நிறுத்தியாக வேண்டும். தம்பி ஏற்கெனவே மண்டையை ஆட்டியாகிவிட்டது. அக்கா சொல்லி அவன் மண்டை ஆடாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணமும் பண்ணி வைத்தவள் அவள்தானே.

"உங்களுக்குத்தான் பெரிய வீடு இருக்கே அண்ணி, உங்களுக்கு எதுக்கு ப்ளாட்?" என்று ராட்டினம் கேட்டாள்.

அந்தக் கேள்வி நாத்தனார் காதில் விழாத மாதிரி போய்விட்டது. வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு வருஷம் நாலு தடவை சுற்றிவிட்டு வரும் குடும்பம் இந்த ஊரிலேயே இது ஒன்றுதான் என்றாள். பெண் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்றாள். அவள் சொன்னதில் பாதி நியாயமும் இருந்தது. அதுதான் ராட்டினத்துக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம், யாரும் கேக்கல. வட்டி கட்டினோம், யாரும் கேக்கல. நாங்க சிரிக்கறதுக்குக் கட்டினா மட்டும் கணக்குக் கேக்க வந்துடறாங்க."

நேற்றிலிருந்து தொண்டையில் நின்றதை அவள் அப்போது சொல்லிவிட்டாள். கெஞ்சாமல், சுருக்கமாக. இன்று கடைசி நாள், நாலு முகமும் போக வேண்டும், அண்ணி வந்து நின்றால் போதும், உள்ளே வரக்கூட வேண்டாம்.

"தெரியும்," என்றாள் நாத்தனார். "பாஸ் எடுத்தப்போ நம்ம வீட்டுல என்கிட்டதான் போன் இருந்துச்சு. அந்த நம்பருக்குத்தான் மெசேஜ் வந்துச்சு. வந்து ரெண்டு வாரம் ஆச்சு."

மெக்கானிக்கின் முகம்கூட மாறியது. ரெண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தால் இந்த ஓட்டமே இல்லை. சொல்லாமல் வைத்திருந்து, கடைசி நாளாகப் பார்த்துக் கட்டடப் படத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ராட்டினத்துக்கு உச்சி வரைக்கும் சூடேறியது.

நாத்தனார் இன்னொன்றும் கேட்டாள். வராத ஆளுக்கு எதற்கு வருஷா வருஷம் சேர்த்துக் கட்டினாய், எந்த வருஷம் வேண்டுமானாலும் பெயரை எடுத்திருக்கலாமே, காசு மிச்சமாகியிருக்குமே என்று. சிக்கனம் பேச வந்தவள் அல்லவா, அது அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"எடுத்திருக்கலாம். எடுத்தா, இதெல்லாம் வீண் கூத்துன்னு நீங்க சொன்னதுதான் சரின்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான் எடுக்கல."

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு, வருகிறேன் என்றாள். குண்டூசி துள்ளினாள். ஒரு நிபந்தனை இருக்கிறது என்றாள் நாத்தனார். "இதுதான் கடைசி வருஷம்னு இந்தப் பொண்ணு முன்னாடி சொல்லு. வந்து நிக்கறேன்."

யாராக இருந்தாலும் சொல்லிவிட்டிருப்பார்கள். வாய் வார்த்தைதானே, அடுத்த வருஷத்துப் பாட்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ராட்டினத்துக்கு அது வராது. மகள் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றுகிற வழக்கம் அவளிடம் இல்லை.

"அப்படின்னா நீங்க வர வேண்டாம் அண்ணி. போச்சுன்னா போகட்டும். பழைய பாஸ் இன்னைக்கு இருட்டற வரைக்கும் செல்லும். அது வரைக்கும் எங்களுது."

குடையை எடுத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்துப் படி இறங்கிவிட்டாள். முதல் மாடியைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மெக்கானிக் மூச்சு வாங்க வந்து, சாப்பாட்டு டப்பா இருந்த பையை அவள் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். அக்காவை உட்கார்ந்த இடத்தில் விட்டுவிட்டு அவர் எழுந்து வந்தது பிறந்ததிலிருந்து இதுவே முதல் முறை.

* * *

மழையில் பார்க் காலியாகக் கிடந்தது. வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. இறங்கின சவாரியிலேயே திரும்ப ஏறலாம். தண்ணீர்ச் சறுக்கில் தாயும் மகளும் தொண்டை வற்றக் கத்தினார்கள். கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு கத்தினால் அதற்கு ஒரு தனி ருசி இருக்கிறது. ராட்டினத்துக்கு அழுகையும் வந்தது. மழையில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

மெக்கானிக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் எதிலும் ஏறினது கிடையாது. ஒவ்வொரு சவாரியின் கீழும் பைகளோடு நின்று, அண்ணாந்து கம்பியையும் போல்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது மாடி லிப்டின் கூரைமேல் நின்று எண்ணெய் போடுகிற மனிதர், குழந்தைகள் ரயிலுக்குக்கூடப் பயப்படுவார். இன்று மாலை, கவுண்டர் மூட இன்னும் கொஞ்ச நேரமே இருக்கும்போது, பைகளை மனைவி கையில் கொடுத்தார்.

"அந்தப் பெருசுல ஏறப் போறேன்," என்றார். இருக்கிறதிலேயே உயரமானதைக் காட்டினார், தலைகீழாகப் போகிறதே, அது.

வேண்டாம் என்று ராட்டினம் எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஒரே நாளில் அக்கா பேச்சையும் கேட்காமல் மனைவி பேச்சையும் கேட்காமல் இருப்பது அவருக்கு ஒரு போதையாகிவிட்டது போலிருந்தது. கம்பி அவர் மார்பில் இறங்கியது, வண்டி மேலே ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் குண்டூசி அம்மாவின் கையை இழுத்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம், மழையில், அந்தப் பெரிய பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

ஏன் வந்தீர்கள் என்று ராட்டினம் கேட்கவில்லை. கேட்டால் பதிலில் இன்னொரு நிபந்தனை வரும் என்று பயந்தாள். மூவரும் கவுண்டருக்கு ஓடினார்கள். ராட்டினத்தின் முகத்தை மெஷின் பார்த்ததும் பச்சை விளக்கு எரிந்தது. குண்டூசிக்கும் பச்சை. போன வருஷம் எடுத்த படமாதலால் அவளுக்குச் சிரமமில்லை. நாத்தனார் போய் நின்றாள். சிவப்பு.

கவுண்டர் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். பழைய படத்தில் ஒரு பெண், அப்போதுதான் ராட்சத ராட்டினத்திலிருந்து இறங்கியவள், தலைமுடி எல்லாம் கலைந்து, அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அதை உற்றுப் பார்த்தாள். யாரோ தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா," என்றாள் கவுண்டர் பெண். "இது புது மெஷின். படத்துல இருக்கற மாதிரி இருந்தாத்தான் ஏத்துக்குது. மூணு தடவைதான் காட்டலாம்."

நாத்தனார் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தாள். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. சிவப்பு.

இனி ஒரு தடவைதான். உள்ளே யாரோ ஷட்டரின் சாவியைத் தேடும் சத்தம் கேட்டது. "எனக்கு வரலை," என்றாள் நாத்தனார் மெதுவாக. அந்தக் குரலில் அதிகாரம் ஒரு துளிகூட இல்லை. "நெசமாவே வரலை." ராட்டினத்துக்கு மத்தியானம் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

அப்போது மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

வந்தார் என்பதைவிடக் காற்றில் மிதந்து வந்தார் என்று சொல்லலாம். முடி செங்குத்தாக நின்றது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு வளைந்து வந்து, வாசலில் நிறுத்தியிருந்த பொம்மைக் கரடியின் மேல் மோதி, அதனிடம் "மன்னிச்சுக்கங்க சார்," என்று சொல்லிவிட்டு, அதன் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். அக்காவைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"அக்கா," என்றார். "லிப்ட்டுன்னா அடுத்த மாடியில நிக்கும். இது நிக்கவே இல்லக்கா."

முதலில் நாத்தனாரின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ராட்டினம் நினைத்தாள். நாத்தனார் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், ஷட்டர் சாவியோடு வந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார். குண்டூசி அத்தையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து மெஷின் பக்கம் திருப்பினாள்.

பச்சை.

மெக்கானிக்கைக் கரடியிடமிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அந்தக் கோலத்தையும் மெஷின் ஏற்றுக்கொண்டது. அதே விலை, நாலு முகம், இன்னொரு வருஷம். ரசீதை வாங்கும்போது ராட்டினம் முதுகை நன்றாக நிமிர்த்திக்கொண்டாள். நாளைக் காலை சூப்பர்வைசர் முன்னால் நிற்கும்போதும் இப்படித்தான் நிற்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

பார்க் மூட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. குண்டூசி அத்தையைக் கையைப் பிடித்து ராட்சத ராட்டினத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் வேண்டாம் வேண்டாம் என்றாளே தவிரக் கால்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவள் கையில் இருந்த பையை ராட்டினம் வாங்கிக்கொண்டாள்.

வாங்கியதும் நின்றுவிட்டாள்.

நாள் முழுவதும் துணியைத் தூக்குகிற கை அது. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன, எவ்வளவு என்று அந்தக் கை சொல்லிவிடும். இதில் கட்டடப் படங்கள் இல்லை. புடவைகள், போர்வை, ஒரு தலையணை. ஒரு நாளைக்கு வந்தவள் கட்டுகிற பை இல்லை இது, வீட்டை விட்டே வந்தவள் கட்டுகிற பை. பெரிய வீட்டில் இருக்கிறவளுக்கு, தம்பி குடும்பத்தின் பக்கத்திலேயே ஒரு ப்ளாட் எதற்கு என்று மத்தியானம் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அவள் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்று கூப்பிட்டாள். "எத்தனை நாளைக்குக் கட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். மழை விட்டிருந்தது. பெரிய சக்கரத்தில் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தது. கூண்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஆள் காத்திருந்தான்.

"முதல்ல இதுல ஏறிட்டு வரேன்," என்றாள். "இறங்கினப்புறம் கேளு."